பகல் பதினோரு மணிக்கு ஏற்றிய விளக்கு

மின்கம்பி எட்டாத வீடுகளுக்குச் சூரிய ஒளியில் எரியும் விளக்குப் பொருத்த மாநில அரசு பணம் தரும் மசோதா, மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் சட்டமன்றத்துக்கு வந்தது. உறுப்பினர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே எழுந்து போயிருந்தார்கள். மேகம் மூடினால் விளக்கு எரியுமா என்று எதிர்வரிசையில் ஒருவர் கேட்டார். உங்கள் தொகுதியில் எரியாது என்று இந்த வரிசையில் ஒருவர் பதில் சொன்னார். சிரித்தார்கள். மசோதா நிறைவேறியது. நான் செய்தியாளர் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. கோலாலம்பூரில் அச்சாகும் ஒரு தமிழ் நாளிதழுக்கு நான் ஈப்போ நிருபர். கையால் எழுதிய செய்திகளை உறையில் போட்டு, மூன்று மணி எக்ஸ்பிரஸ் பஸ் ஓட்டுநரிடம் கொடுத்துவிட வேண்டும். அங்கே அலுவலக ஆள் வந்து வாங்கிக்கொள்வார். பக்கத்தில் இடம் போதாவிட்டால் செய்தியை அடியிலிருந்து வெட்டுவார்கள். படித்துப் பார்த்து வெட்ட யாருக்கும் நேரம் இருக்காது. அதனால் முக்கியமானதை மேலே எழுதி, மற்றதைக் கீழே தள்ளுவது எங்கள் தொழில் பழக்கம்.

அன்று எட்டுப் பத்தி எழுதினேன். வீடு நிற்கும் நிலம் குடியிருப்பவருக்குச் சொந்தமில்லை என்றால், நிலத்தின் உரிமையாளர் எழுத்து மூலம் சம்மதம் தர வேண்டும் என்பது எட்டாவது பத்தி. அது முக்கியமில்லை என்று நினைத்தேன் என்று இப்போது சொன்னால் பொய். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவனுக்கு அது தெரியும்; அங்கே வீடும் நிலமும் கம்பெனிக்குச் சொந்தம். ஆனால் அதை மேலே போட்டால் இலவச விளக்கு என்ற தலைப்புக்கு உயிர் இருக்காது. மறுநாள் பேப்பரில் ஏழு பத்தி வந்திருந்தது.

நானும் அக்காவும் பிறந்த தோட்டம் செமோர் பக்கம். எழுபதுகளின் தொடக்கத்தில் அதைத் துண்டு துண்டாக விற்றார்கள். நான் ஈப்போவுக்கு வந்தேன். அக்கா கல்யாணமாகி சிலிம் ரிவர் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனாள். மாமா லாரி விபத்தில் இறந்த பிறகும், ஒரே மகளோடு அங்கேயே இருந்து, ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டினாள். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தில் கடைசி வீடு அவளுடையது.

அந்தத் தோட்டத்தில் ஒரு காலத்தில் ஜெனரேட்டர் இருந்தது. மாலை ஆறரையிலிருந்து பத்து வரை வீட்டுக்கு ஒரு பல்பு எரியும். தோட்டம் கைமாறியதும் புதிய கம்பெனி முதலில் விற்ற பொருள் அந்த ஜெனரேட்டர்தான். தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் பங்களாவுக்கு மட்டும் சிறியதாக ஒன்று வாங்கினார்கள். துரை என்றால் வெள்ளைக்காரர் இல்லை. அந்தக் காலம் முடிந்திருந்தது. நம்மவர்தான். லயத்துக்காரர்களோடு தமிழில் பேசினால் மரியாதை குறைந்துவிடும் என்று ஆபீஸ் எழுத்தரான கிராணியை வைத்துப் பேசுவார்.

ஜெனரேட்டர் போன பின் லயம் மண்ணெண்ணெய் விளக்குக்குத் திரும்பியது. ஒரு நாள் விடியற்காலையில், ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் பேர் கொடுக்கக் கிளம்பும் அவசரத்தில், விளக்கு பாயின் மேல் சாய்ந்தது. படுத்திருந்த மகளின் பாவாடை பற்றிக்கொண்டது. அக்கா வெறுங்கையால் அடித்து அணைத்தாள். பிள்ளை முழங்காலில் ஒரு தழும்போடு தப்பியது. அக்காவின் வலது கை முழங்கை வரை தோல் சுருங்கி, சுண்டுவிரலும் மோதிரவிரலும் ஒட்டிப்போயின. இரண்டு மாதத்தில் அதே கையால் மறுபடி உளி பிடித்து மரம் வெட்டினாள். ஆனால் மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு நாளும் மகளை வெளியே போய் நிற்கச் சொல்வாள். விளக்கை ஆணியில் மாட்டிய பிறகுதான் உள்ளே கூப்பிடுவாள். நான் போன நாட்களில் என்னையும் வெளியே நிற்க வைத்திருக்கிறாள்.

செய்தி வந்த அன்றே சிலிம் ரிவரில் ஒரு கடையிலிருந்து எனக்குப் போன் செய்தாள்.

"இது நீ எழுதுனதாடா?"

"ஆமாக்கா."

"தட்டி வுட்டா என்னா ஆவும்?"

"எத?"

"அந்த வெளக்க."

"ஒடையும். பத்திக்காது."

அவளுக்குப் பின்னால் கடையில் யாரோ பால் விடாத கோப்பி ஓ கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பாரம் எங்க கெடைக்கும்?"

"நான் கொண்டாறேன்," என்றேன். எட்டாவது பத்தியைப் பற்றி அப்போதும் சொல்லவில்லை. போனில் சொல்ல வேண்டாம், நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே ஒரு காரணம் வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, ஈப்போவில் நான் குடியிருந்த குனோங் ராபாட்டிலிருந்து மோட்டாரில் கிளம்பிப் போனேன். வீட்டு வாசல்களுக்கு முன்னால் லயம் முழுக்க ஓடும் அஞ்சடியில் இருபது பேர் இருந்தார்கள். நடுவில் பக்கத்து வீட்டுக்காரர், என் செய்தி வந்த பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொழிற்சங்கக் கிளையில் பொறுப்பில் இருந்தவர். லயத்துக்கு அவர் சொல்தான் சொல்.

"வாங்க பேப்பர்காரரே. வெளக்கு கொண்டாந்தீங்களா, இல்ல இன்னிக்கும் நியூஸ்தானா?"

விண்ணப்பப் பாரங்களைக் கொடுத்தேன். நில உரிமையாளரின் சம்மதம் வேண்டும் என்பதையும் சொன்னேன். அவர் பேப்பரை விரித்து விரலால் வரிவரியாகத் தேடினார். எல்லோரும் பார்ப்பதற்காக மெதுவாகத் தேடினார்.

"இதுல அப்படி ஒன்னும் காணமே தம்பி."

"எழுதினேண்ணே. அங்க வெட்டிட்டாங்க."

"பாத்தீங்களாலா? கோழிய வாங்கி கறிய அவங்க வச்சிக்கிட்டாங்க. நமக்கு எறக்க வந்திருக்கு."

சிரிப்பு அடங்க நேரமானது. அக்கா சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையிலிருந்து ஒரு பாரத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

என்னிடம் ஒரு வழி இருந்தது. பாரம் வாங்கப் போனபோது மாவட்ட அலுவலகத்தில் ஓர் அதிகாரி சொன்னது. பாரங்களை நேராக அங்கே கொடுத்தால், சம்மதம் கேட்டு அவர்களே கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு எழுதுவார்கள். தலைமை அலுவலகத்தில் இருப்பவர்கள் லயத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. தங்கள் கூரையில் அரசாங்கச் செலவில் விளக்கு வருவதில் அவர்களுக்கு நஷ்டமும் இல்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார்கள். எனவே பாரங்களை நிரப்பி வைத்திருங்கள், அடுத்த ஞாயிறு வந்து வாங்கிக்கொண்டு போய் நானே கொடுக்கிறேன் என்று சொன்னேன். தோட்டத்து ஆபீஸ் பக்கம் கொண்டுபோகாதீர்கள் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு போனபோது ஒரு பாரம்கூட லயத்தில் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்து, ரப்பர் பேண்டு போட்டு, கிராணியிடம் கொடுத்திருந்தார்கள்.

தோட்டத்தில் வளராதவர்களுக்கு இது முட்டாள்தனமாகத் தெரியும். எங்களுக்குக் காகிதம் என்றால் கிராணி. பிள்ளை பிறந்தால் சூராட் பெரானாக் எடுக்க அவர் எழுதித் தருவார். பள்ளிக்கூடப் பாரம், கூட்டுறவுப் பாரம், இறந்தவரின் பேரை எடுக்கும் பாரம் எல்லாமே அவர் மேசையைத் தாண்டித்தான் வெளியே போகும். வெளியிலிருந்து வரும் கடிதத்தையும் அவர்தான் பிரித்துப் படித்துவிட்டு, "ஒன் தம்பி வர்றானாம்" என்று பிரட்டில் சொல்வார். எங்கள் தோட்டத்தில் அப்பாவுக்கு வந்த கடிதங்களும் அப்படித்தான் வந்தன. கிராணியின் கண் படாத காகிதம் செல்லாது என்பது தோட்டத்தில் யாரும் சொல்லித் தராத பாடம். ஈப்போவில் பத்து வருஷத்துக்கு மேல் இருந்ததில் நான் அதை மறந்திருந்தேன். அவர்கள் மறக்கவில்லை.

"ஏங்க்கா குடுத்த?"

"கிராணி பாக்காம எப்புடிடா அனுப்பறது? தப்பு கிப்பு இருந்தா?"

"இப்ப அது தொர கையிலலா இருக்கு!"

"குடுக்காதன்னு நீ சொன்னியா?"

"அது ஒனக்குத் தெரியாதா?"

"பேப்பர்லயும் சொல்ல மாட்ட. வாயாலயும் சொல்ல மாட்ட. அப்புறம் என்னாத்துக்கு அவ்ளோ தூரம் மோட்டார ஓட்டிக்கிட்டு வர்ற?"

அன்று அவள் எனக்குச் சோறு போடவில்லை. மகளை அனுப்பி ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்தாள்.

பத்து நாளில் பதில் வந்தது. பிரட்டில் கிராணி படித்துக் காட்டினார். துரை சம்மதம் தருவார். ஆனால் விளக்கு வேண்டும் என்பவர்கள் தனித்தனியாக ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வீடு கம்பெனிக்குச் சொந்தம், கம்பெனியின் தயவில் குடியிருக்கிறேன், வீட்டிலும் நிலத்திலும் எனக்கோ என் பிள்ளைகளுக்கோ உரிமை எதுவும் கிடையாது, கேட்ட ஒரு மாதத்தில் காலி செய்துவிடுவேன் என்பது அந்தக் கடிதத்தின் சாரம். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, பேர் எழுத மட்டும் இடம் விட்டிருந்தது. எத்தனை வீடோ அத்தனை பிரதி தயாராக இருந்தது. விளக்குக்குச் சம்மதம் கேட்டுப் போனவர்களிடம் வீட்டை எழுதி வாங்க அவருக்குப் பத்து நாள் போதுமானதாக இருந்தது.

தோட்டத்தை மறுபடி விற்கப்போகிறார்கள் என்ற பேச்சு அப்போதே இருந்தது. முப்பது, நாற்பது வருஷம் அதே வீட்டில் இருந்தவர்கள், விற்றால் மாற்று வீடு கேட்கலாம் என்று சங்கத்தின் மூலம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாலையில் அஞ்சடியில் கூடினார்கள். அன்று நானும் போயிருந்தேன். யாரும் எனக்கு நாற்காலி போடவில்லை.

"ஒரு ஆள் கையெழுத்துப் போடக் கூடாது," என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "போட்டா இந்த லயத்துல பச்சத் தண்ணி கெடைக்காது. சொல்லிப்புட்டேன்."

அக்கா வாசல்படியில் நின்றபடி கேட்டாள். "அண்ணே, இப்ப மட்டும் நமக்கு உரிம இருக்கா?"

"இல்லன்னா அவெ ஏம்மா எழுதிக் கேக்குறான்? இல்லாதத எவனாச்சும் எழுதி வாங்குவானா?"

கூட்டத்தில் அதுவரை பேசப்பட்டதில் அதுதான் புத்தியுள்ள பேச்சு. அக்காவும் தலையாட்டினாள். "அது சரிதாண்ணே," என்றாள்.

மறுநாள் பாலை எடை போட்டுவிட்டு, பால் வாளியை ஆபீஸ் வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டாள். பல நாள் கழித்து கிராணியே என்னிடம் சொன்னார். "ரெண்டு தடவ தமிழ்ல படிச்சிக் காட்டுனேன் தம்பி. என்ன கொற சொல்லாதீங்க. மூனாவது தடவ படிக்கவான்னு கேட்டேன். பேனாவ குடுங்கன்னுட்டாங்க."

லயத்தில் வேறு யாரும் போடவில்லை. அன்று மாலையிலிருந்து அக்காவோடு யாரும் பேசவில்லை. பைப்படியில் அவள் வாளியைத் தூக்கி வரிசைக்கு வெளியே வைத்தார்கள். அவள் மறுபடி வரிசையில் வைத்தாள். மறுபடி தூக்கி வைத்தார்கள். கடைசி ஆள் பிடித்து முடித்த பிறகுதான் அவளுக்குத் தண்ணீர். வெளக்குக்காரி என்று பேர் வைத்தார்கள். பள்ளிக்கூட பஸ்ஸில் மகளுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. பக்கத்து வீட்டில் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் வந்தது. லயம் முழுக்க வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்கள். கடைசி வீட்டுக்கு மட்டும் தட்டு வரவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைப் பலகைச் சுவர்தான். நாதஸ்வர ரெக்கார்டு இந்தப் பக்கம் முழுசாகக் கேட்டது.

"ஏங்க்கா இப்புடி செஞ்ச?" என்று கேட்டேன்.

வலது கையை நீட்டினாள். "இத அவங்களுக்கு மாட்டி வுட்டுட்டு அப்புறம் கேளு."

விளக்கு வந்தது. கூரையில் ஒரு கறுப்புத் தகடு, உள்ளே லாரிக்குப் போடுவது போன்ற ஒரு பேட்டரி, முழ நீளத்தில் இரண்டு டியூப். பொருத்தியவர்கள் சுவிட்சைப் போட விடவில்லை. தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் ஒய்.பி. வந்து திறந்து வைக்கும் வரை தொடக்கூடாது என்று ஒட்டுத்தாள் போட்டு மூடினார்கள். அதற்கு மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் ஒட்டுத்தாள் போட்ட சுவிட்சுக்குக் கீழே அக்கா மண்ணெண்ணெய் விளக்கை மாட்டினாள். மகள் வெளியே நின்றாள்.

திறப்புவிழாவுக்கு என்னையே அனுப்பினார்கள். ஞாயிறு காலை பதினோரு மணி. நல்ல வெயில். துணிப் பதாகை, மைக், இருபது நாற்காலி. துரை வந்திருந்தார். ஒய்.பி. காடியை விட்டு இறங்கி லயத்தைப் பார்த்தார். எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. பகலில் அந்த லயத்தில் கதவு சாத்தி நான் பார்த்ததில்லை. கிராணி வீடு வீடாகப் போய்த் தட்டினார்.

"உள்ள யாரும் இல்லலா!" என்று ஒரு வீட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது.

எல்லோரும் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று கிராணி ஒய்.பி.யிடம் மலாயில் சொன்னார். ஞாயிற்றுக்கிழமையா என்று ஒய்.பி. கேட்கவில்லை.

அக்காவை சுவிட்சுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். படம் எடுக்க வந்தவர், "அக்கா, அந்தக் கையால போடுங்கக்கா," என்று இடது கையைக் காட்டினார். அக்கா வலது கையால் போட்டாள். டியூப் எரிந்தது. திறந்த ஜன்னலிலிருந்து வந்த வெளிச்சத்தில் அது எரிவது யாருக்கும் தெரியவில்லை. படம் எடுப்பவர் உள்ளங்கைகளைக் குவித்து டியூபைச் சுற்றிப் பிடித்து, எரிகிறது என்று உறுதி சொன்னார். அதன் பிறகு கைதட்டினார்கள்.

இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தார்கள். அக்கா துரையைப் பார்த்துத்தான் பேசினாள்.

"வெளக்கு நல்லாருக்கு. அரசாங்கம் சும்மா குடுத்துச்சு. தொர சும்மா குடுக்கல. வீட்ட எழுதி வாங்கிக்கிட்டுத்தான் சம்மதம் குடுத்தாரு. எல்லாரும் வேண்டான்னுட்டாங்க. எனக்குக் கை வெந்திருக்கு, அதனால நான் போட்டேன். அவ்ளோதான்."

கிராணி அதை மலாயில் சொன்னார். இந்த அம்மாள் மாநில அரசுக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் நன்றி சொல்கிறார் என்றார். ஒய்.பி. தலையசைத்தார். துரைக்குத் தமிழ் புரியும். அவர் நிமிர்ந்து கூரைத் தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து திருத்தியிருக்கலாம். செய்தியாளன் கூட்டத்தில் பேசக் கூடாது என்று ஒரு விதி உண்டு. அன்று அந்த விதி எனக்கு வசதியாக இருந்தது. அவள் சொன்னதை அப்படியே எழுதி அனுப்பினேன். செய்தி வரவில்லை. ஒய்.பி. கூரையைச் சுட்டிக்காட்டும் படமும் இரண்டு வரியும் வந்தன.

ஏறக்குறைய இரண்டு வருஷம் அக்கா வீட்டில் அந்த விளக்கு எரிந்தது. மழை நாட்களில் மங்கியது. மற்ற நாட்களில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மகள் வெளியே போய் நிற்பது நின்றது.

பிறகு தோட்டத்தை விற்றார்கள். காலி செய்யச் சொல்லி எல்லா வீட்டுக்கும் கடிதம் வந்தது. லயத்துக்காரர்கள் மாற்று வீடு கேட்டு வழக்குப் போட்டார்கள். கையெழுத்துப் போட்ட அக்காவை அதில் சேர்க்கவில்லை. ஈப்போவில் எனக்குத் தெரிந்த வழக்கறிஞரிடம் அந்தக் கடிதத்தின் பிரதியைக் காட்டினேன். ஒரு வழி இருக்கிறது என்றார் அவர். கடிதம் ஆங்கிலத்தில் இருக்கிறது. அக்கா படித்தது தமிழில் ஆறாம் வகுப்பு வரை. என்ன எழுதியிருக்கிறது என்று விளங்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று சத்தியக் கடுதாசி கொடுத்தால், அவளையும் வழக்கில் சேர்க்கலாம். பக்கத்து வீட்டுக்காரரிடம் போய்ப் பேசினேன். முகம் கொடுக்காமலே பேசினார். "வெவரம் தெரியாம போட்டேன்னு எழுதிக் குடுத்துட்டு எங்ககூட வந்து நிக்கட்டும். நான் குறுக்க நிக்கல," என்றார்.

வழக்கறிஞர் தட்டச்சு செய்து கொடுத்ததை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். தமிழில் படித்துக் காட்டினேன். அவள் வாளியில் துணி அலசிக்கொண்டே கேட்டாள்.

"எனக்கு விளங்கலன்னு எழுதியிருக்கா?"

"ஆமாக்கா. அப்படித்தான் எழுதணும்."

"கிராணி ரெண்டு தடவ படிச்சாரு. மொத தடவையே விளங்கிருச்சு."

"அது கோர்ட்டுக்குத் தெரிய வேண்டாம்."

"கோர்ட்டுக்குத் தெரிய வேண்டாம். பக்கத்து வீட்டுக்குத் தெரியணும், இல்ல? வெளக்குக்காரி வெவரங்கெட்டவன்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். அப்பத்தான் சேத்துக்குவாங்க."

"வீடு கெடைக்குங்க்கா."

"கெடைக்கட்டும். அவங்களுக்குக் கெடைக்கட்டும்." துணியை முறுக்கினாள். ஒட்டிய இரண்டு விரலும் மடங்காமல் வெளியே நின்றன. "விளங்கித்தாண்டா போட்டேன். வீடு போவும்னு தெரிஞ்சுதான் போட்டேன். அத நீ பேப்பர்ல போட்டியா? இல்ல. இப்ப விளங்கலன்னு எழுதிக்கிட்டு மட்டும் வர்ற."

நான் காகிதத்தை மடிக்காமல் நீட்டியபடியே நின்றேன். ஈரக் கையோடு வாங்கினாள். கிழிப்பாள் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. தட்டச்சு எழுத்து ஊறிக் கலையும் வரை கையில் வைத்திருந்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

அவள் கையெழுத்துப் போட்ட கடிதத்தில் இருந்த ஒரு மாதத் தவணை முடிவதற்கு நான்கு நாள் முன்னதாக வீட்டைக் காலி செய்தாள்.